தாளத்தில் பேசியவர்கள் – 14: வாயாடியின் இசைத்தட்டு

ரியோ டி ஜெனீரோ நகரின் பொட்டாஃபோகோ பகுதியில் 1967-ல் ஒரு பிரமாண்டமான பீர் கூடம் திறந்தார்கள். அதற்குக் கனெக்காவ் என்று பெயர். திறந்த மூன்றாவது ஆண்டிலேயே அது வேறொன்றாக மாறியிருந்தது. 1970-ல் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஐயாயிரம் பேர் வரை வந்து ஆடுவார்கள். அந்த நடன இரவுக்கு ‘பைலி த பெசாத’ என்று பெயர். நடத்தியவர்கள் இருவர். ஒருவர் பிக் பாய். பள்ளியில் பூகோள வாத்தியார், ரேடியோ முண்டியலில் ‘ஹலோ கிரேசி பீப்பிள்’ என்று கத்தித் தொடங்கும் அறிவிப்பாளர். இன்னொருவர் அதெமிர் லெமோஸ். பிக் பாய்க்கு ராக் பிடிக்கும். அதெமிருக்கு ஜேம்ஸ் பிரவுன், வில்சன் பிக்கெட் வகையறா சோல் இசை. நகரின் தெற்கே கடற்கரையோரத்துப் பணக்காரப் பிள்ளைகளும், ரயிலேறி வந்த வடக்குப் புறநகர்க் கறுப்பின இளைஞர்களும் ஒரே தளத்தில் ஆடினார்கள்.

அது நீடிக்கவில்லை. கனெக்காவை பிரேசில் இசையின் கௌரவமான மேடையாக்க நிர்வாகம் விரும்பியது. நாட்டின் மிகப்பெரிய பாடகரான ரொபேர்ட்டோ கார்லோஸின் நிகழ்ச்சியை அங்கே அமர்த்தினார்கள். ஞாயிறு ஆட்டத்துக்கு இடம் போயிற்று. இந்தக் கதையை மானுடவியலாளர் ஹெர்மானோ வியானா, அதெமிரிடமே கேட்டுத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். இடம் இழந்த ஆட்டம் வாராவாரம் ஒரு புறநகர் கிளப்பாகச் சுற்றத் தொடங்கியது. ரியோவின் சோல், ஃபங்க் வரலாறு அந்த இடப்பெயர்ச்சியில்தான் தொடங்குகிறது என்பார்கள்.

ரொபேர்ட்டோ கார்லோஸின் அந்த நிகழ்ச்சியை மேடையேற்றியவர்கள் ரொனால்டோ போஸ்கோலியும் லூயிஸ் கார்லோஸ் மியேலியும். பத்து ஆண்டு கழித்து, புறநகர் கிளப்புகளில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பாட்டை எடுத்து, போர்ச்சுகீசிய மொழியில் முதல் ராப் இசைத்தட்டு என்று இன்று பலரும் குறிப்பிடும் பதிவைச் செய்தவர் இதே மியேலி. ஆட்டத்தைத் துரத்தியது அவரல்ல. அது நிர்வாகத்தின் முடிவு. ஆனால் வரலாறு ஒரே ஆளை இரண்டு முறை இப்படி வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்போது கவனிக்காமல் கடக்க மனம் வரவில்லை.

அந்த அமெரிக்கப் பாட்டு, இந்தத் தொடரில் ஏற்கெனவே விரிவாகப் பார்த்த ‘ராப்பர்ஸ் டிலைட்’தான். 1979 செப்டம்பரில் வந்தது. பதினான்கரை நிமிடம். அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 36-ஆவது இடத்தோடு நின்றுவிட்டது. பிரிட்டனில் மூன்றாம் இடம், நெதர்லாந்தில் முதலிடம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் ஆறு ஆண்டுகளாக ராப் வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதை இசைத்தட்டில் ஏற்றி உலகுக்கு அனுப்பியவர்கள் அந்தத் தெருக்காரர்கள் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியின் எங்கில்வுட்டில் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நடத்திய சில்வியா ராபின்சன் ஆள் தேடினார். அவருடைய மகன் பீட்சா கடையில் வேலை பார்த்த ஹாங்க்கைக் கண்டுபிடித்தார். இன்னும் இருவர் சேர்ந்தார்கள். சீக் இசைக்குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டின் பேஸ் கிட்டார் ஓட்டத்தை இளம் வாத்தியக்காரர்களை வைத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் வாசிக்கவைத்தார்கள். அப்போது தனக்குப் பதினேழு வயது, எழுபது டாலர் கொடுத்தார்கள் என்று அதை வாசித்த சிப் ஷேரின் பிற்பாடு சொன்னார். ஹாங்க் பாடிய வரிகள் பிராங்க்ஸ் ராப்பர் கிராண்ட்மாஸ்டர் காஸின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை. காஸ் தன் பட்டப்பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட ஹாங்க் மாற்றவில்லை. அப்படியே பாடிவிட்டார்.

ஆக மூலமே இரவல் சரக்கு. வாத்தியம் ஒருவருடையது, வரி ஒருவருடையது, பேர் வாங்கியது மூன்றாமவர். மியேலியின் தட்டை ‘நகல்’ என்றும் ‘வேடிக்கைப் பதிவு’ என்றும் ஒதுக்குகிறவர்கள் மூலத்தின் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ரியோவின் புறநகருக்கு வருவோம். கனெக்காவை விட்டு வெளியேறிய பிறகு நடன இரவுகள் பெருகின. சோல் கிராண் ப்ரீ, ஃபுரகாவ் 2000 போன்ற குழுக்கள் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுவர்போல் அடுக்கின. 1976 ஜூலையில் ஜோர்னல் தோ பிரசில் நாளிதழில் லேனா ஃப்ரியாஸ் எழுதிய பெரிய கட்டுரை இதற்கு ‘பிளாக் ரியோ’ என்று பெயர் வைத்தது. பெயர் வந்ததும் தொந்தரவும் வந்தது. அப்போது ராணுவ ஆட்சி. ஆப்ரோ முடியும் உயர்ந்த அடிப் பாதணியுமாகப் பல்லாயிரம் கறுப்பின இளைஞர்கள் வாரக் கடைசியில் ஓரிடத்தில் கூடுவதை உளவுத்துறை விரும்பவில்லை. அமெரிக்காவிலிருந்து யாராவது தூண்டிவிடுகிறார்களா என்று விசாரித்தார்கள். இன்னொரு பக்கம், சம்பாவை விட்டுவிட்டு அந்நிய இசைக்கு ஆடுகிறார்களே என்று இடதுசாரிகளும் முகம் சுளித்தார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போன அரிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் கூடங்களுக்குத் தட்டுகள் கிடைப்பது லேசான காரியமில்லை. கடையில் கிடைக்காத தட்டுக்குத்தான் மதிப்பு. நியூயார்க் போய் வருகிறவர்கள் மூலம் வரவழைப்பார்கள். நல்ல தட்டு கையில் சிக்கிய டி.ஜே., போட்டிக் குழு தெரிந்துகொள்ளாதபடி நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளை அழித்துவிடுவார். இதையே பிராங்க்ஸில் டி.ஜே. கூல் ஹெர்க் தண்ணீரில் ஊறவைத்துச் செய்தார் என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் படித்திருப்பீர்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே திருட்டுத்தனத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

லேபிள் போனால் பெயர் தெரியாது. தெரிந்தாலும் ஆடுகிறவர்களுக்கு ஆங்கிலம் வராது. அதனால் கூட்டமே பாட்டுக்குப் பெயர் வைத்தது. மெலோடி என்பதைச் சுருக்கி ‘மெலோ’ என்று தொடங்கி, அழகில்லாத பெண்ணின் மெலோ, குடிகாரனின் மெலோ என்று அது போகும். ஆங்கிலப் பல்லவி காதில் எப்படி விழுகிறதோ அதற்குச் சற்றே ஒலி ஒத்த போர்ச்சுகீசியச் சொற்களைப் போட்டுக் கூட்டம் திருப்பிக் கத்தும். பெரும்பாலும் ஆபாசமாக இருக்கும். மொழி புரியாத பாட்டை மக்கள் சொந்தமாக்கிக்கொள்ள வேறு வழியும் இல்லை. மூச்சு விடாமல் மூன்று பேர் பேசித் தள்ளிய ‘ராப்பர்ஸ் டிலைட்’டுக்கு அந்தக் கணக்கில் ‘மெலோ தோ தகரேலா’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. தகரேலா என்றால் லொடலொடவென்று பேசும் வாயாடி. மியேலியின் தட்டும் இந்தப் பெயரில்தான் 1980-ல் ஆர்.சி.ஏ. வெளியீடாக வந்தது.

யார் இந்த மியேலி? சாவோ பாவ்லோவில் 1938-ல் பிறந்து ரியோவில் வாழ்ந்தவர். பாடகர் என்று அவரைச் சொன்னால் அவரே சிரித்திருப்பார். கோப்பகபானாவில் துவிவியே தெருவை ஒட்டி ஒரு முட்டுச்சந்து உண்டு. சிறிய இரவு விடுதிகள் வரிசையாக இருக்கும். ராத்திரி சத்தம் தாங்காமல் மேல்மாடிக் குடியிருப்புக்காரர்கள் காலிப் பாட்டில்களைக் கீழே எறிவார்களாம். அதனால் அதற்குப் பாட்டில் சந்து என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் மியேலியும் போஸ்கோலியும் அங்கே ‘பாக்கெட் ஷோ’ என்று சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். மேடை என்று சொல்லிக்கொள்ள ஒரு மூலைதான். கையில் கிடைத்ததை வைத்து விளக்கு அமைப்பதும், பாடகருக்கும் பாடகருக்கும் நடுவே கூட்டத்தைப் பேச்சால் பிடித்து வைப்பதும் மியேலியின் வேலை. பாடகி எலிஸ் ரெஜினா ரியோவுக்கு வந்த புதிதில் பாடிய இடம் அதுதான். பிறகு தொலைக்காட்சி, பெரிய மேடைகள், ரொபேர்ட்டோ கார்லோஸ். மொத்தத்தில் மியேலியின் தொழில், பாட்டு இல்லாத நேரத்தை நிரப்புவது. பேச்சையே பாட்டாக்கும் ஒரு வடிவம் வந்தபோது அவர் கையில் அது போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வரிகள் அவருடையவை அல்ல. எழுதியவர் ஆர்னோ ரொட்ரிகஸ். நகைச்சுவை நடிகர், பாடலாசிரியர். சிகோ அனீசியோவோடு சேர்ந்து 1974-ல் ‘பையானோ இ ஓஸ் நோவோஸ் கயெத்தானோஸ்’ என்ற ஜோடியாக வந்து, பாடகர் கயெத்தானோ வெலோசோவின் தலைமுறையை நையாண்டி செய்தவர். நையாண்டி என்றாலும் அந்தத் தட்டின் இசை அசல் தரம். கிண்டலுக்காக வாங்கினவர்கள் பாட்டுக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆர்னோவின் சொந்த ஊர் பெர்னம்புக்கோ மாநிலத்தின் வறண்ட உட்பகுதியில் இருக்கும் சேரா தல்யாத. கொள்ளையன் லம்பியாவ் பிறந்த மண்ணும் அதுவே. வடகிழக்கு பிரேசிலின் சந்தைகளில் இருவர் எதிரெதிரே நின்று, கஞ்சிரா போன்ற பாந்தெய்ரோவைத் தட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் மட்டம் தட்டி மூச்சு முட்ட எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். எம்போலாத என்று அதற்குப் பெயர். அந்த வட்டாரத்தில் பிறந்தவருக்குத் தாளத்தின்மேல் வேகமாகப் பேசுவது புது வித்தையாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை, என் ஊகம்தான்.

மொழி மாறும்போது வடிவத்துக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இந்தத் தட்டில் எனக்குப் பிடித்த பகுதி. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் ஏராளம். தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல்லைச் சம்மட்டியாக இறக்கலாம். அதனால்தான் அசலின் மூன்று பேரும் வரி முடிவில் இயைபைக் கொண்டுபோய் நச்சென்று வைக்கிறார்கள். போர்ச்சுகீசியச் சொற்கள் நீளம். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். அப்படியே பெயர்த்தால் வரி தாளத்தைத் தாண்டி வழியும். இன்னொரு பக்கம், அந்த மொழியில் இயைபு மலிவு. வினைச்சொற்களின் மூல வடிவங்களில் பெரும்பாலானவை ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிகின்றன. ஒரே வகையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தாலும் ஒலி பொருந்தும். எதுகை, மோனைக்குப் பழகிய நமக்கு இது உடனே விளங்கும்: சுலபமாகக் கிடைக்கும் ஓசையில் கேட்கிறவருக்கு ஒரு சுவாரசியமும் இராது. ஆகவே வரியின் பலன் ஓசையில் இல்லாமல் வேறெங்காவது இருந்தாக வேண்டும். அதற்கு ஒரு நகைச்சுவைக்காரர் வேண்டியிருந்தது. மியேலியும் பாட முயலவில்லை. பாட்டில் சந்தில் கூட்டத்தோடு பேசிப் பழகிய அதே தோரணையில் பேசுகிறார். சொல்லைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் சற்றே தள்ளிவைத்து, கடைசியில் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

இதை அசலுக்குச் செய்த அவமரியாதை என்று சொல்ல முடியாது. ‘ராப்பர்ஸ் டிலைட்’டைத் திரும்பக் கேளுங்கள். நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப்போய், வாயில் வைக்க முடியாத சோற்றைப் போட்டபோது தப்பிக்க வழி தேடும் கதை ஒரு பெரிய பகுதி. சூப்பர்மேனின் காதலியிடம் சூப்பர்மேனைப் பற்றியே கோள் மூட்டும் கதை இன்னொன்று. அது முதலிலிருந்தே நகைச்சுவைத் தட்டு. ‘தி மெசேஜ்’ என்ற பாட்டு வந்து ராப் என்றால் கோபம், வறுமை, தெரு என்று உலகம் நினைக்கத் தொடங்கியது 1982-ல்தான். 1980-ல் அதைக் கேட்ட ஒரு நகைச்சுவைக்காரர் அதிலிருந்த நகைச்சுவையைச் சரியாகவே பிடித்திருக்கிறார்.

பிரேசிலில் மட்டும் இப்படி நடக்கவில்லை. அதே 1980-ல் மேற்கு ஜெர்மனியில் ‘ராப்பர்ஸ் டாய்ச்’ என்று ஒரு தட்டு வந்தது. ஜெர்மன் மொழியின் முதல் ராப் பதிவு என்று அதையும் சொல்கிறார்கள். பாடியவர்கள் ஜி.எல்.எஸ். யுனைடெட்: கோட்ஷால்க், லாஃபன்பெர்க், செக்ஸாவர். மூவரும் வானொலி அறிவிப்பாளர்கள். தாமஸ் கோட்ஷால்க் பின்னாளில் ‘வெட்டன் தாஸ்’ நிகழ்ச்சி மூலம் அந்த நாட்டின் மிகப் பிரபலமான தொலைக்காட்சித் தொகுப்பாளராக ஆனார். அங்கும் இங்கும் ஒரே கதை. மைக்கின் முன் பேசிப் பிழைத்தவர்கள்தான் முதலில் இந்த வடிவத்தில் தங்கள் தொழிலை அடையாளம் கண்டார்கள். இசைக்கலைஞர்களுக்கு ‘இது பாட்டா?’ என்ற சந்தேகம் தீரவில்லை. அறிவிப்பாளர்களுக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. ராப்பின் வேர்களில் ஒன்று அமெரிக்கக் கறுப்பின வானொலி அறிவிப்பாளர்களின் எதுகைப் பேச்சு என்பதையும் நினைத்துப் பார்த்தால், அவர்கள் அடையாளம் கண்டது தற்செயலும் அல்ல.

ஜெர்மன் தட்டையும் பிரேசில் தட்டையும் அருகருகே வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். ஜெர்மன் மூவருக்குப் பின்னால் ஆடுகிறவர்களின் உலகம் எதுவும் இல்லை. வானொலி நிலையத்திலிருந்து நேராக வந்த கேலி அது. மியேலிக்குப் பின்னால் பத்து ஆண்டு நடன இரவுகள் இருந்தன. தட்டின் பெயரிலேயே அந்தக் கூடங்களின் வாசனை இருக்கிறது. ஆனால் அங்கே ஆடியவர்களில் ஒருவரைக்கூட மைக்கின் முன் நிறுத்தாமல் எடுத்த தட்டும் அதுவே. 1977-லேயே ஜெர்சன் கிங் கோம்போ ‘மந்தமெந்தோஸ் பிளாக்’ என்று ஃபங்க் இசையின்மேல் பேசி ஒரு தட்டு வெளியிட்டிருந்தார். கறுப்பினத்தவர், நடன இரவுகளின் நாயகன். ஒரு ராப் தட்டு எடுக்க ரியோவில் ஆள் இல்லாமல் இல்லை. ஆர்.சி.ஏ. போன்ற பெரிய கம்பெனிகளின் கதவைத் தட்ட அவர்களுக்கு வழி இருந்ததா என்பதுதான் கேள்வி.

‘முதல்’ என்ற பட்டத்துக்கு வேறு உரிமையாளர்களும் உண்டு. 1964-ல் ஜாயிர் ரொட்ரிகஸ் பாடிய ‘தெய்ஷ இசோ ப்ர லா’வைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கையை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே பேச்சும் பாட்டுமாக அவர் நிகழ்த்தும் சம்பா அது. எம்போலாதவே ராப்தான், அமெரிக்கா பின்னால் வந்தது என்கிறவர்களும் உண்டு. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. தாளத்தில் பேசுவது எந்த நாட்டுக்கும் புதிதல்ல. ஆனால் பிராங்க்ஸில் பிறந்த அந்தக் குறிப்பிட்ட வடிவத்தை, அதன் பேஸ் ஓட்டத்தோடும் நடையோடும் தெரிந்தே எடுத்துப் போர்ச்சுகீசியத்தில் போட்டது மியேலியும் ஆர்னோவும்தான் என்றால் அதை மறுக்க எனக்குத் தெரிந்து ஆள் இல்லை.

தட்டு ஒரு பருவம் ஓடி ஓய்ந்தது. மியேலி அதற்கடுத்து ராப் பக்கம் போய்ப் பிழைக்கவில்லை. மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் திரும்பினார், 2005-ல் எச்.பி.ஓ.வின் ‘மாந்த்ரேக்’ தொடரில் கிழட்டு வக்கீலாக நடித்து, அவரை அறியாத ஒரு தலைமுறைக்கு முகம் காட்டினார். 2015 அக்டோபரில் இறந்தார். ஆர்னோ அதற்கு முன்பே, 2010-ல், தொக்கான்தின்ஸ் மாநிலத்தில் ஓர் ஏரியில் படகு கவிழ்ந்து மாண்டார்.

சாவோ பாவ்லோவின் நடன இரவுகளில் மட்டும் தட்டின் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ராப் என்ற சொல் பரவலாவதற்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில், அந்த ஊர் இளைஞர்கள் இந்த வகைப் பாட்டையே ‘தகரேலா’ என்றுதான் அழைத்தார்கள். அவர்கள் நகரின் நடுவே மே 24 தெருவில் நடனக்காரர் நெல்சன் திரியுன்ஃபோவோடு ஆடத் தொடங்கி, கடைக்காரர்களும் போலீசும் விரட்ட, சாவோ பென்த்தோ மெட்ரோ நிலையத்துக்கு இடம் மாறினார்கள். சவுண்ட் செட் கொண்டுவர வசதியில்லாத நாட்களில் நிலையத்தின் குப்பைத் தொட்டியைத் தட்டித் தாளம் போட்டார்கள். ஒருவர் தட்ட, ஒருவர் பேச, சுற்றிலும் ஆட்டம். அந்தக் கூட்டத்தில் இருந்த தயீடியும் டி.ஜே. ஹும்மும் ‘ஹிப்-ஹாப் கல்துரா தி ருவா’ என்ற தொகுப்புத் தட்டில் இடம்பெற 1988 ஆயிற்று. நடன இரவுகள் நடத்திய ஜிம்பாப்வே என்ற குழு தானே ஒரு கம்பெனியாக மாறி, ரசியோனைஸ் எம்.சி.ஸ் என்ற நால்வரின் முதல் பதிவுகளை வெளியிட்டதும் அதையொட்டித்தான். அந்த மெட்ரோ நிலையத்துக்கு அடுத்த இதழில் போவோம்.

(தொடரும்)